மார்ட்டின் லூதர் கிங்கின் முனைவர்பட்ட ஆய்வு: வினாவும் வழுவும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவராக உலகறிந்த மார்ட்டின் லூதர் கிங் (1929–1968), இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் ஆவார். அட்லாண்டாவில் போதகர் குடும்பத்தில் பிறந்த அவர், குரோசர் இறையியல் கல்லூரியில் பயின்றபின் 1951இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு எட்கர் பிரைட்மன் நெறியாளராக அமைந்தார். 1953இல் அவர் மறைந்தபின் ஹெரால்டு டிவொல்ஃப் அப்பொறுப்பை ஏற்றார்.

பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் ஆகியோரின் கடவுட்கொள்கைகளை ஒப்பிடுவது ஆய்வுப்பொருள். இவர்கள் கடவுளை ஆளுமை உடையவராகக் கொள்ளாமையைக் கிங் ஏற்கவில்லை. அன்பும் அறிவும் ஆளுமை உடையவர்க்கே இயலும் என்பது அவர் துணிபு. 1954இல் மாண்ட்கமெரி நகரில் திருச்சபைப் பணியேற்று, அதனிடையே ஆய்வேட்டை முடித்து, 1955 ஜூனில் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரில் பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்க, அதன் தலைமை அவரை வந்தடைந்தது. மனித மாண்புக்குரிய மெய்யியல் அடிப்படையைப் பாஸ்டனில் கற்ற ஆளுமைவாதமே தந்ததாக அவர் 1958இல் வெளியிட்ட நூலில் குறித்தார்.

ஆய்வேட்டின் சில பகுதிகள் பிறர் எழுத்திலிருந்து உரிய சுட்டின்றி எடுக்கப்பட்டவை என 1991இல் பல்கலைக்கழகக் குழு உறுதிசெய்தது. பட்டத்தைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைக்காத அக்குழு, தன் முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தை நூலகப் படியுடன் இணைக்கப் பரிந்துரைத்தது. ஆய்வில் எழுந்த வினா அவர் வாழ்வில் உரம்பெற்றது. வழு ஏட்டில் நிலைத்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் ஆய்வறம் ஆகாது.