இமாம் ஷாஃபிஈயை உருவாக்கிய தாய்

காயல்பட்டினம், கீழக்கரை என்று நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் இருக்கிறோம். அந்த இமாமை உருவாக்கியது யார்? இமாம் மாலிக் (ரஹ்) என்போம். சரிதான். அதற்கும் முன்னால் ஒரு தாய் இருக்கிறார்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 150-ல் ஃபலஸ்தீனின் காஸாவில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். குறைஷிப் பிள்ளை தன் குடும்பத்தாரை அறியாமல் வளர்ந்துவிடக் கூடாதே என்று அஞ்சிய தாய், இரண்டு வயதுக் குழந்தையோடு மக்காவுக்குப் புறப்பட்டார். கையில் காசில்லாத ஒரு விதவைக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

உஸ்தாதுக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. உஸ்தாத் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளை இமாமவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அதுவே கூலியானது. ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்தார்கள். காகிதம் வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதினார்கள். பிறகு முவத்தாவை மனனம் செய்துகொண்டு மதீனா சென்று இமாம் மாலிக்கிடம் அமர்ந்தார்கள்.

அந்தத் தாய் மார்க்கம் அறிந்தவர். ஒருமுறை மக்காவின் காழியிடம் இன்னொரு பெண்ணோடு சாட்சி சொல்லப் போனார். இருவரையும் தனித்தனியே விசாரிக்க காழி நினைத்தார். ஒருத்தி மறந்தால் மற்றவள் நினைவூட்டத்தானே இரண்டு பெண் சாட்சிகள் என்று பகரா சூராவின் வசனத்தைக் காட்டினார் தாய். காழி பிரிக்காமல் விட்டுவிட்டார் என்று கிதாபுகளில் வருகிறது.