லுக்ரீசியா மோட் அம்மையாரின் இல்லமும் மடல்களும்

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள நாண்டக்கெட் தீவு, பதினெட்டாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டையால் பிழைத்த ஊர். ஆடவர் ஆண்டுக்கணக்கில் கடலில் திரிய, கடையும் கணக்கும் பெண்டிர் கையில் இருந்தன. அத்தீவில் 1793 சனவரி 3ஆம் நாள் ஒரு கப்பல் தலைவருக்கு மகளாய்ப் பிறந்தவர் லுக்ரீசியா. தந்தை இல்லாத நாள்களில் தாய் கடை நடத்திக் குடும்பம் காத்ததைக் கண்டு வளர்ந்தவருக்கு, பெண்புத்தி பின்புத்தி என்னும் பேச்சு எவர் வாயிலிருந்து வந்தாலும் நகைப்பையே தந்திருக்கும்.

குடும்பம் குவேக்கர் நெறியைச் சார்ந்தது. அந்நெறியினர் அரசனையும் ஏவலனையும் ஒருமைச் சொல்லாலேயே விளித்தனர். ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் இடையே தயங்கிப் பழகிய தமிழர்க்கு இதன் கூர்மையை விளக்க வேண்டுவதில்லை. கிழமைகளும் திங்கள்களும் பழைய தெய்வங்களின் பெயரைத் தாங்கியவை என்று கருதி, முதல் நாள், ஏழாம் திங்கள் என எண்ணாலேயே எழுதினர். அவர்கள் மடல்களின் தலைப்பிலேயே ஒரு கொள்கை நின்றது.

பள்ளியில் ஆசிரியராய் இருந்த ஜேம்ஸ் மோட்டை 1811இல் மணந்தார் லுக்ரீசியா. பிறந்த மக்கள் அறுவர். அவருள் தாமஸ் என்னும் சிறுவன் 1817இல் இறந்தான். அத்துயரின் பின்னரே மௌனம் நிலவும் வழிபாட்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசத் தொடங்கினார். 1821இல் சமய உரையாளராக ஏற்கப்பட்டார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியும் சர்க்கரையும் அவர் இல்லத்தில் விலக்கப்பட்டன. ஜேம்ஸோ பருத்தி வாணிகம் செய்தவர். வருவாயைக் கருதாமல் 1830ஆம் ஆண்டளவில் அதனை விட்டுக் கம்பளி வாணிகத்திற்கு மாறினார். மனைவியின் புகழைப் பேசுவோர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

1838 மே 17 அன்று, திறக்கப்பட்டு மூன்றே நாள்களான பென்சில்வேனியா மன்றத்தை அடிமை முறையின் ஆதரவாளர் எரித்தனர். கும்பல் அடுத்து மோட் இல்லத்தை நோக்கித் திரும்பியது. கணவனும் மனைவியும் ஓடவில்லை; நண்பர்கள் சூழ முன்கூடத்தில் காத்திருந்தனர். கூட்டத்துள் கலந்திருந்த நண்பர் ஒருவர் வேறு தெருவுக்கு வழிகாட்டி அதனைத் திசைதிருப்பியதால் வீடு தப்பியது.

அம்மையார் எழுதிவைத்துப் பேசுபவர் அல்லர். நூல் இயற்றும் விருப்பமும் குறைவு. ஆதலின் அவர் உரைநடையை மடல்களிலேயே தேட வேண்டும். 1845 வரை அஞ்சல் கட்டணம் தாளின் எண்ணிக்கைக்கும் தொலைவுக்கும் ஏற்ப விதிக்கப்பட்டது. எனவே தாளில் வெற்றிடம் விடுவது வீண்செலவு. விட்ட இடத்தில் மறுநாள் தொடர்ந்து, ஓரம்வரை நிரப்பி அனுப்புவார். ஒருவருக்கு எழுதியது உறவினர் பலர் கைக்கும் போகும். விருந்தினர் வரவு, கம்பளத்துக்குக் கந்தல் தைத்தல், பிள்ளைகளின் நோய், அடிமை ஒழிப்புக் கூட்டத்தின் வாக்குவாதம் எல்லாம் பத்தி பிரியாமல் அடுத்தடுத்து வரும். ஒழுங்கில்லை என்று குறை கூறலாம். ஆனால் வீடு வேறு, வெளி வேறு என்று பிரிக்காத உள்ளத்திற்கு அதுவே இயல்பான நடை.

இம்மடல்களை மிகுதியும் பெற்றவர் ஆபர்ன் நகரில் வாழ்ந்த தங்கை மார்த்தா ரைட். பதின்மூன்று ஆண்டு இளையவர்; குறும்பான எழுத்துக்காரர். குவேக்கர் அல்லாத ஒருவரை மணந்ததற்காக 1824இல் சபை அவரை நீக்கியது. அக்கா அதே சபையின் உரையாளர். சபை விலக்கிய தங்கையை அக்காவின் மடல் விலக்கவில்லை.

அவ்வுறவின் பயனை வரலாறும் பெற்றது. 1840இல் இலண்டனில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பெண் பேராளர்க்கு இடம் மறுக்கப்பட்டபோது லுக்ரீசியாவும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் முதன்முறை சந்தித்தனர். எட்டாண்டு கழித்து, கருவுற்றிருந்த மார்த்தாவைக் காண லுக்ரீசியா வந்திருந்த நாள்களில், வாட்டர்லூ ஊரில் ஜேன் ஹன்ட் இல்லத்துத் தேநீர் விருந்தில் ஐவர் கூடினர். அக்காவும் தங்கையும் ஸ்டான்டனும் அவ்வைவருள் அடங்குவர். அங்கே திட்டமிடப்பட்டதே 1848 சூலை 19, 20 நாள்களில் நிகழ்ந்த செனிகா பால்ஸ் பெண்ணுரிமை மாநாடு. 68 பெண்களும் 32 ஆண்களும் அதன் அறிக்கையில் கையொப்பமிட்டனர். மாநாட்டில் தலைமை ஏற்றவருள் ஜேம்ஸும் ஒருவர்.

1857இல் குடும்பம் பிலடெல்பியாவுக்கு வடக்கே ‘ரோட்சைட்’ என்னும் வீட்டுக்குக் குடியேறியது. போரை வெறுத்த அவருக்கு உள்நாட்டுப் போர் அண்டை வீட்டிலேயே சோதனையாய் வந்தது. மருமகன் எட்வர்டு டேவிஸின் நிலத்தில் 1863இல் கறுப்பின வீரர்க்கான பயிற்சிப் பாசறை எழுந்தது. சுமார் 11,000 பேர் அங்கே பயின்றனர். படைக்கலத்தை அவர் ஏற்கவில்லை. அவ்வீரரைக் கைவிடவும் இல்லை. பாசறைக்குச் சென்று உரையாற்றினார்.

1868 சனவரியில், புரூக்ளினில் இளைய மகள் இல்லத்தில் ஜேம்ஸ் மறைந்தார். 1875இல் மார்த்தாவும் மறைந்தார். 1880 நவம்பர் 11 அன்று ரோட்சைட் இல்லத்தில் லுக்ரீசியாவின் உயிர் பிரிந்தது. பேர்த்தி அன்னா டேவிஸ் ஹாலோவெல் மடல்களைத் திரட்டி 1884இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் முகப்பில் பாட்டனார் பெயரும் பாட்டியார் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.