வில்லியம் ஆசுலர்

கனடா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1849 ஆம் ஆண்டு வில்லியம் ஆசுலர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு. தாமும் அவ்வழியே செல்லக் கருதிய ஆசுலர், பின்னர் மருத்துவத்தில் நாட்டங்கொண்டு, 1872 இல் மான்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியருமானார்.

மருத்துவமனையில் இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் பணியை அவர் விரும்பி ஏற்றார். பிறர் அருவருக்கும் பணி அது. உயிருள்ளபோது கண்ட நோய்க்குறிக்கும், இறந்தபின் உடலினுள் காணும் கேட்டிற்கும் உள்ள தொடர்பை அறிய அதனினும் சிறந்த வழியில்லை என்பது அவர்தம் துணிபு.

இதயத்தின் உள்ளுறையைப் பற்றும் கொடிய அழற்சியை அவர் நெடுநாள் ஆராய்ந்தார். இந்நோயில் கிருமிகள் இதய வால்வுகளின்மீது குடியேறிச் சிறு முளைகளாகத் திரள்கின்றன. முளையினின்றும் சிதறிய துணுக்கு குருதியோடு ஓடி, மூளையிலோ மண்ணீரலிலோ சென்று தங்கும். சிலருக்குத் தொடைத் தமனியிலோ, முழங்காலின் பின்புறக் குழியிலுள்ள தமனியிலோ தங்கிவிடும். தங்கிய கிருமிகள் தமனியின் சுவரை அரிக்க, நைந்த மிதிவண்டிக் குழாய் புடைப்பதுபோல் அவ்விடம் புடைக்கும். காலில் வலியும், தொட்டால் துடிக்கும் வீக்கமும் தோன்றும். வெடிப்பின் குருதி பெருகி உயிருக்கே இடராம். காலின் வீக்கத்திற்கு வேர் நெஞ்சில் உள்ளதென யார்தாம் எளிதில் ஐயுறுவர்!

1885 இல் இலண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் ஆசுலர் இந்நோய்பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இத்தகைய புடைப்பிற்குப் பூஞ்சைப் புடைப்பு எனப் பொருள்படும் பெயரை வழங்கியவர் அவரே. வால்வில் திரண்ட முளைகள் காளானை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது. பெரும்பாலும் காரணம் பாக்டீரியாவே. பெயர் பொருந்தாதெனினும் இன்றும் வழங்குகிறது.

நோயை அறிந்தாரேயன்றித் தீர்க்கும் மருந்து அவர் கையில் இல்லை. பெனிசிலின் மருத்துவர் கைக்கு வந்தது 1940களில்தான். ஆகவே, கண்ணாலும் கையாலும் நோயை அறியும் குறிகளையேனும் தேடினார். விரல் நுனிகளில் தோன்றும் நோவுமிக்க சிறு முடிச்சுகள் இந்நோயின் அடையாளம் என 1909 இல் எழுதினார். அம்முடிச்சுகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இதற்கிடையே, 1889 முதல் அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் பணியாற்றியபோது, மாணவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பயிற்றினார். 1905 இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

எஞ்சியிருந்த ஒரே மகன் 1917 இல் பெல்சியப் போர்க்களத்தில் காயமுற்று இறந்தான். பிறர் மக்கள் பலரின் இறுதியைக் கண்ட அம்மருத்துவர், தம் மகனுக்கு அருகிருக்கவும் இயலவில்லை. 1919 ஆம் ஆண்டு திசம்பரில் ஆசுலர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களை மக்கில் பல்கலைக்கழகத்திற்கே எழுதி வைத்திருந்தார். அந்நூல்களின் நடுவே அவர்தம் சாம்பலும் வைக்கப்பட்டுள்ளது.