மழைத் துணி கண்ட மக்கின்டாஷ்

மும்பையில் பருவமழை வருமுன், ஆண்டுதோறும் மழைநீர் வடிகால்களைத் திறந்து சேறு வாருவார்கள். நகரின் பழைய வடிகால்களுள் சில, ஆள் இறங்கிக் குனிந்து நடக்கும் அளவுக்குப் பெரியவை. அவற்றுள் இறங்கி, எங்கே சுவர் இடிந்தது, எங்கே அடைப்பு விழுந்தது என்று பார்த்து வருவோர்க்கென்று ஓர் உடை உண்டு. பாதத்தில் பூட்ஸ்; அதனோடு ஒட்டிய காற்சட்டை; அது மார்பு வரை ஏறித் தோளில் வாரினால் தொங்கும். ஆங்கிலத்தில் இதற்கு வேடர்ஸ் என்று பெயர். கண்ணப்பர் பரம்பரை என்று எண்ணிவிட வேண்டாம். தண்ணீரில் நடத்தல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. பாதுகாப்பு உடையின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்கலாகாது என்று 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சட்டம் வந்தது. ஆயினும் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக இறங்குகிறவர்களை இந்நகரில் நானே பார்த்திருக்கிறேன்.

அந்த உடையின் குலவரலாற்றைத் தேடிப் போனால், கிளாஸ்கோ நகரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் போய் நிற்போம். நண்பர்களே, அங்கே பிறந்து வளர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்பவரின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறேன். ஆங்கிலேயர் மழைக்கோட்டை அவர் பெயராலேயே அழைத்தார்கள். அவர் பெயரில் இல்லாத 'கே' என்னும் எழுத்து ஒன்று கோட்டின் பெயரில் மட்டும் எப்படியோ புகுந்துகொண்டது.

அவர் பிறந்தது 1766 டிசம்பர் 29. தந்தை ஜார்ஜ் மக்கின்டாஷ், பாறைகளில் படரும் லைக்கன் என்ற பூண்டிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து விற்றவர். தொழில் இரகசியம் வெளியே போகாதிருக்கப் பட்டறையைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பி, மலைநாட்டிலிருந்து வந்த கேலிக் மொழிக்காரர்களையே வேலைக்கு வைத்திருந்தார். அந்தச் சாயத்துக்கு அமோனியா வேண்டும். அக்காலத்தில் அமோனியா எங்கிருந்து வந்தது தெரியுமா? மனித மூத்திரத்திலிருந்து! நகரத்தில் வீடு வீடாகச் சேகரித்து வருவார்கள். இந்த அமோனியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் திரும்பப் போகிறது.

சார்லஸைத் தந்தை ஒரு வணிகரிடம் கணக்கு எழுத வைத்தார். பையனுக்குக் கணக்கில் மனம் இல்லை. ஓய்வு நேரத்தில் கிளாஸ்கோவில் இரசாயனச் சொற்பொழிவுகளைக் கேட்டார். பிறகு எடின்பரோவில் மறை வெப்பத்தைக் கண்டறிந்த ஜோசப் பிளாக்கின் வகுப்புகளுக்கும் சென்றார். இருபது வயது நிரம்புமுன் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, நவச்சாரம் செய்யும் தொழிலில் இறங்கினார். 1797-இல் ஸ்காத்லாந்தின் முதல் படிகாரத் தொழிற்சாலையை ஹர்லெட் என்ற இடத்தில் நிறுவினார். சலவைத் தூள் விஷயத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1799-இல் அதற்கான காப்புரிமை அவருடைய கூட்டாளி சார்லஸ் டெனன்ட் பெயரில் பதிவாயிற்று. பெயர் யாருக்குப் போகிறது என்பது இக்கதையில் மீண்டும் வரும் கேள்வி.

இனி அமோனியாவுக்கு வருவோம். கிளாஸ்கோ வீதிகளில் நிலக்கரி வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. கரியைச் சுட்டு வாயு எடுக்கும்போது அமோனியா கலந்த நீரும், நாற்றம் பிடித்த கருந்தாரும் எச்சமாக நின்றன. வாயுக் கம்பெனிக்கு இவை பெருந்தொல்லை. மக்கின்டாஷுக்கு வேண்டியது அமோனியா. 1819-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆனால் தாரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தாரைக் காய்ச்சி வடித்தால் அடியில் கீல் தங்கும்; அது கப்பலுக்குப் பூச உதவும். மேலே வடிந்து வந்த நாப்தா என்ற எளிதில் தீப்பற்றும் திரவத்தை என்ன செய்வது? எச்சத்தின் எச்சம் அது. அவர் தேடியது அதற்கு ஒரு வேலை. அந்த வேலைதான் ரப்பர்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை யாரும் பார்க்கலாம். 'இந்திய ரப்பர்' என்று ஆங்கிலேயர் அழைத்தார்களே தவிர, மக்கின்டாஷ் காலத்தில் அம்மரம் நம் நாட்டுக்கு வரவில்லை. தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த பழங்குடிகள், பால் புதிதாக இருக்கும்போதே துணியிலும் காலணியிலும் பூசி நீர் புகாமல் செய்தார்கள். அந்தப் பால் கப்பலேறி ஐரோப்பா வரை தாங்காது, வழியிலேயே உறைந்துவிடும். ஐரோப்பியருக்குக் கிடைத்தது கெட்டியான கட்டி. அதை மறுபடி திரவமாக்கினால்தான் துணியில் பூச முடியும்.

கட்டி ரப்பரைக் கரைக்க நாப்தா உதவியது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பச்சை ரப்பர்த் துண்டைத் தொலுயீனில் போட்டு வைத்தால், முதலில் பல மடங்கு உப்பும்; பிறகு மெல்ல இளகிக் கூழாகும். நாப்தாவிலும் அவ்வகைப் பொருள்களே இருந்தன. ஆனால் இதை முதலில் வெளியிட்டவர் மக்கின்டாஷ் அல்லர். எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் சைம் என்ற மாணவர், இருபது வயதுகூட ஆகாதவர், 1818-இல் அதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். அவர் காப்புரிமையை நாடவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆனார். இந்தப் பெருமை சைமுக்கே உரியது என்று வாதாடுவோர் உண்டு. கரைத்த பெருமை அவருக்கே, நான் மறுக்கவில்லை. ஆனால் கரைத்த ரப்பரைத் துணியில் பூசினால் என்ன ஆகும்? ஒட்டும். அந்தக் கோட்டை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நாற்காலியோடுதான் எழுந்திருப்பான். மக்கின்டாஷ் பசையை ஒரு துணியில் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தினார். பசை நடுவில், இருபுறமும் துணி. ஒட்டும் குணமே இரண்டையும் பிணைத்தது. குறையையே வேலைக்காரனாக்கிய இந்த யோசனைதான் அவருடையது. 1823-இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு பர்லி சகோதரர்களோடு சேர்ந்து மான்செஸ்டரில் தொழிற்சாலை எழுந்தது.

துணியின் புகழ் வெகு தூரம் போயிற்று. 1825-இல் தொடங்கிய ஜான் ஃபிராங்க்ளினின் வட துருவப் பகுதிப் பயணத்தில் ஒரு குட்டிப் படகு போயிற்று. நீளம் 9 அடி. எடை 85 பவுண்டு. மரச் சட்டத்தின்மேல் போர்த்தியது மக்கின்டாஷின் துணி. வாதுமைக் கொட்டை ஓடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கழற்றி மூட்டை கட்டலாம். இருபது நிமிடத்துக்குள் திரும்பப் பூட்டலாம். இன்று குகைக்கும் வடிகாலுக்கும் போவோர் விளக்கையும் மாற்றுத் துணியையும் போட்டுச் சுருட்டி மூடும் நீர் புகாப் பைக்கு இந்தப் படகை மூத்த உறவு என்று சொல்வேன்.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். முதல் குறை தையற்காரர்களால் வந்தது. அவர்கள் இத்துணியை மற்றத் துணி போலவே தைத்தார்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. தோளிலும் அக்குளிலும் மழை வழிந்தது. பழி துணியின் மேல் விழுந்தது. வேறு வழியின்றிக் கம்பெனியே உடை தைத்து, தையலை ரப்பர்ப் பசையால் அடைத்துக் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கும் நீர் புகா உடையின் உயிர் தையலில்தான் இருக்கிறது. வடிகாலுக்கு இறங்குமுன் சோதிக்க எளிய வழி உண்டு: இருட்டறையில் உடைக்குள் டார்ச் விளக்கை விட்டுப் பாருங்கள், எங்கே ஒளிப்புள்ளி தெரிகிறதோ அங்கே நீர் புகும். தையலின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது குறை, வியர்வை. வெளி நீரை விடாத துணி உள் நீரையும் விடாது. மக்கின்டாஷ் கோட்டைப் பற்றி மருத்துவர்கள் முறையிட்டது இதைத்தான். மும்பையின் புழுக்கத்தில் இத்தகைய உடையோடு ஒரு மணி நேரம் வேலை செய்தவன் உள்ளே நனைந்தே வெளிவருவான். இடுப்பில் இறுக்கமாகப் பட்டை கட்டுவதும் அவசியம். கால் தவறினால் மார்புப் பக்கமாக நீர் நிறைந்து எழ விடாது. விஷவாயுவை எந்த ரப்பர்த் துணியும் தடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது குறைதான் மக்கின்டாஷைக் கடைசிவரை வருத்தியது. குளிரில் துணி தகடு போல் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. கம்பளியின் எண்ணெய்ப் பசை பட்டாலோ ரப்பர் நாளடைவில் கெட்டது. இலண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் ரப்பரை அரைத்துப் பிசையும் இயந்திரம் ஒன்றை 1820-இல் செய்திருந்தார். அவ்வாறு பிசைந்த ரப்பர் எளிதாகக் கரைந்தது. 1825-இல் அவர் மக்கின்டாஷிடம் உரிமம் பெற்று, பின்னர் கூட்டாளியும் ஆனார். துணி நன்றாயிற்று, குளிரும் வெயிலும் மட்டும் அடங்கவில்லை. காரணம் ரப்பரின் அமைப்பில் இருக்கிறது. நூல் நூலான நெடிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டுண்ணாமல் கிடக்கின்றன. சூட்டில் வழுக்கி ஓடுகின்றன. பாலிமர் என்ற கருத்தே தோன்றாத நாளில் இதை அவர் எப்படி அறிவார்?

1823-இல் அவர் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். இரும்பை எஃகாக்கவும், உலைக்குச் சூடான காற்றை ஊதவும் நடந்த முயற்சிகளிலும் ஈடுபட்டார். 1836-இல் அவருடைய காப்புரிமையை மீறியவர்கள்மேல் வழக்கு நடந்தது, வென்றார்.

1843 ஜூலை 25 அன்று, தம் எழுபத்தேழாவது வயதில், கிளாஸ்கோவில் காலமானார். அமெரிக்காவில் சார்லஸ் குட்யியர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கிப் பக்குவப்படுத்தியிருந்தார். அந்த ரப்பர்த் துண்டுகள் இங்கிலாந்துக்கு வந்து ஹான்காக்கின் கையில் கிடைத்தன. அவரும் சோதனை மேல் சோதனை செய்து கந்தகத்தின் வேலையைக் கண்டுகொண்டு, 1843 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தில் காப்புரிமைக்குப் பதிந்தார். மக்கின்டாஷ் இறந்து நான்கு மாதம்கூட நிறையவில்லை. கந்தகம் மூலக்கூறுகளுக்கு இடையே முடிச்சுப் போட்டது. விறைப்பும் பிசுபிசுப்பும் நீங்கின. அந்தப் புதிய துணி, சார்லஸ் மக்கின்டாஷ் கம்பெனி என்ற பழைய பெயரிலேயே மான்செஸ்டரிலிருந்து வெளிவந்தது.