ஒரே நாளிற் பிறந்த இருவர்

குழந்தை பிறந்தவுடன் நாழிகையைக் குறித்து வைப்பது எமது வீடுகளில் இன்றும் நிலவும் வழக்கமாகும். குறித்த நேரத்தைக் கொண்டு சாதகம் கணிக்கின்றோம். நட்சத்திரம், இராசி, திசை, புத்தி என்பனவற்றை ஆராய்கின்றோம். பரீட்சையிற் சித்தியடையாத மாணவனொருவன் பழியைச் சனி பகவான் தலையிற் போட்டுவிட்டு ஆறுதலடைவதற்கும் அச்சாதகம் உதவுவதுண்டு. பிறந்த நாள் மனிதனை ஆக்குகின்றதா, அன்றி மனிதன் தன் பிறந்த நாளுக்குப் பெருமை தேடித் தருகின்றானா என்னும் வினா பழையது. சாத்திரம் பேசி அதற்கு விடை காண எமக்குத் தகுதி போதாது. ஆயின், ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரே நாளில், ஒரே நாட்டிற் பிறந்த இருவரின் வரலாற்றை எடுத்துச் சொல்ல எம்மால் இயலும். விடையை வாசகர்களே தேர்ந்து கொள்வார்களாக.

1922ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 19ஆம் நாள், அக்காலத்திற் செக்கோசிலோவாக்கியா என வழங்கிய நாட்டிலே, கொப்ரிவ்னிற்சே என்னும் ஊரில், தச்சுத் தொழிலாளி ஒருவரின் இல்லத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது. அதே நாளில் அந்நாட்டின் வேறோர் ஊரில் ஒரு பெண் மகவு பிறந்தது. ஆண் குழந்தைக்கு எமில் ஸாற்றோபெக் என்றும், பெண் குழந்தைக்கு டானா இங்குறோவா என்றும் பெயரிட்டனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்விருவர் பெயரையும் உலகம் ஒருங்கே உச்சரிக்கப் போகின்றது என்பதை எந்தச் சாதகமும் அன்று சொல்லவில்லை.

எமிலின் வீடு பிள்ளைகள் நிறைந்தது, பொருள் குறைந்தது. பதினாறாவது வயதில் அவர் சிலின் என்னும் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றார். எமது நாட்டிலும் வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த பாட்டாக் கம்பனியின் தொழிற்சாலையே அது. பகலில் வேலை, மாலையிற் படிப்பு. ஓட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஒருநாள் தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்றுநர் நான்கு இளைஞரைச் சுட்டிக்காட்டி, ஓட்டப் போட்டியிற் கலந்து கொள்ளுமாறு கட்டளையிட்டார். அந்நால்வருள் எமிலும் ஒருவர். தமது உடம்பு பலவீனமானது என்று அவர் மறுத்தார். வைத்தியரிடம் அனுப்பினர், உடம்பில் ஒரு குறையுமில்லை என்று வைத்தியர் கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடியவர் நூறு பேருள் இரண்டாவதாக வந்தார். அன்றுதான் ஓட்டத்தில் அவருக்கு நாட்டம் பிறந்தது. 1944ஆம் ஆண்டில், நாடு ஜேர்மனியரின் பிடியிலிருந்த காலத்திலேயே, 2,000, 3,000, 5,000 மீற்றர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். யுத்தம் முடிந்தபின் இராணுவத்திற் சேர்ந்தார்.

இவருடைய ஓட்டத்தைக் கண்டவர்கள் முதலில் அழகென்று சொல்லவில்லை. தலை ஒருபுறம் சாயும். முகம் நோயாளியின் முகம்போற் கோணும். மூச்சுத் திணறுவது பார்வையாளருக்கே கேட்கும். இதனைக் குறை கூறியவர்களுக்கு, ஒரே நேரத்தில் ஓடவும் சிரிக்கவும் தமக்குத் திறமை போதாது என்று அவர் விளையாட்டாக விடையிறுத்தாராம். ஆனால், அந்தக் கோணலான முகத்துக்குப் பின்னால் எவரும் செய்யத் துணியாத பயிற்சி இருந்தது. 400 மீற்றரை வேகமாக ஓடுவார். சிறிது தூரம் மெல்ல ஓடி இளைப்பாறுவார். மீண்டும் 400 மீற்றரை வேகமாக ஓடுவார். இருபது முறையிற் தொடங்கி, நாற்பது, அறுபது என்று அதனை வளர்த்துச் சென்றார். காலிற் கனத்த இராணுவச் சப்பாத்தை அணிந்து ஓடினார். பனி கொட்டும் நாளிலும் ஓடினார். இருட்டிய பின் கையில் மின்சூளை ஏந்தி ஓடினார். நெடுந்தூர ஓட்டக்காரர் வேகத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பயில வேண்டும் என்னும் இம்முறையை அக்காலத்திற் பலர் எள்ளினர். இன்றைக்கு நெடுந்தூரம் ஓடுபவர்கள் யாவரும் ஏதோ ஒரு வடிவில் அதனையே பின்பற்றுகின்றனர்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு எமிலும் சென்றார். ஈட்டி எறிதலிற் பங்கு கொள்ள டானாவும் சென்றார். 10,000 மீற்றர் ஓட்டத்தில் எமில் 29 நிமிடம் 59.6 செக்கனில் ஓடி, இரண்டாவதாக வந்தவரை ஏறத்தாழ 48 செக்கன் பின்னே விட்டுத் தங்கப் பதக்கம் பெற்றார். அதற்கு மறுநாளே எமது நாட்டின் டங்கன் வைற் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். 5,000 மீற்றரில் எமில், பெல்சிய நாட்டு ரீஃப் என்பவரிடம் 0.2 செக்கனில் வெற்றியை இழந்து இரண்டாமிடம் பெற்றார். டானாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம்.

தாம் இருவரும் ஒரே நாளிற் பிறந்தவர்கள் என்பதை அறிந்தபோது, அப்படியானால் திருமணத்தையும் ஒரே நாளில் வைத்துக் கொள்ளலாமே என்று எமில் சொன்னாராம். எங்கள் ஊர்ப் பெரியோராயின் இரு சாதகங்களையும் நாலு தரம் புரட்டிப் பார்த்திருப்பர். அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. 1948 ஒக்ரோபரில் திருமணம் நடந்தேறியது.

அடுத்த ஒலிம்பிக் விழா 1952இல் ஹெல்சிங்கி நகரில் நடைபெற்றது. அங்கு நிகழ்ந்த வெற்றிகளைப் பற்றி யாவரும் பேசுவர். புறப்படுமுன் நிகழ்ந்த ஒன்றை நாம் முதலிற் சொல்ல விரும்புகின்றோம். ஸ்ரனிஸ்லாவ் யுங்விற் என்னும் இளம் ஓட்டவீரரின் தந்தை அரசியற் கைதியாகச் சிறையிலிருந்தார். அக்காரணத்தால் அரசினர் மகனை ஹெல்சிங்கிக்கு அனுப்ப மறுத்தனர். அந்த இளைஞர் போகாவிடின் தாமும் போவதில்லை என்று எமில் கூறிவிட்டார். விமானம் இருவரையும் விட்டு விட்டுப் பறந்தது. அக்கால ஆட்சியில் அவ்வாறு அடம் பிடிப்பது பதக்கத்தை மட்டுமன்று, வாழ்வையே பணயம் வைப்பதாகும். ஈற்றில் அரசினர் இணங்கினர். சில நாட்களின் பின் இருவரும் போய்ச் சேர்ந்தனர்.

சூலை 20இல் 10,000 மீற்றரில் எமில் தங்கம் பெற்றார். சூலை 24இல் 5,000 மீற்றர். கடைசிச் சுற்றில் நால்வர் ஒருவரை ஒருவர் நெருக்கி ஓடினர். ஒரு கட்டத்தில் எமில் பின்தள்ளப்பட்டார். கடைசி வளைவில் மூவரையும் ஒருமிக்கத் தாண்டி, 14 நிமிடம் 6.6 செக்கனில் முதலாவதாக வந்தார். அந்தப் பதக்கத்தை டானா வாங்கித் தமது பைக்குள் வைத்துக்கொண்டு ஈட்டி எறியச் சென்றார். முதல் எறியிலேயே ஈட்டி 50.47 மீற்றர் சென்று விழுந்தது. ஒருவரும் அதனை எட்டவில்லை. ஒரே நாளிற் பிறந்த கணவனும் மனைவியும், ஒரே நாளில், ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளிக்குள் தங்கப் பதக்கம் பெற்றனர்.

பின்னர், தமது வெற்றி தந்த ஊக்கத்தினாலேயே மனைவி வென்றார் என்று எமில் வேடிக்கையாகப் பெருமை பேசினாராம். அப்படியானால் வேறொரு பெண்ணுக்கு ஊக்கமூட்டி, அவள் 50 மீற்றர் எறிகின்றாளா என்று பாரும் என டானா மடக்கினாராம். இது சிரித்துவிட்டுப் போகும் பேச்சன்று. மனைவியின் உழைப்பைக் கணவனின் கணக்கில் எழுதும் பழக்கம் எமது சமூகத்தில் நிரம்ப உண்டு. டானா எறிந்த ஈட்டியை டானாவே எறிந்தார். 1958இல், 35 வயதில், 55.73 மீற்றர் எறிந்து உலக சாதனையை நிலைநாட்டினார். 1960இல் உரோம் நகரில், 38ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கையில், வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அப்பொழுது கணவர் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

ஹெல்சிங்கியில் எமிலுக்கு இரண்டு தங்கம் போதவில்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஓடியிராத மரதன் ஓட்டத்திலும் தமது பெயரைக் கொடுத்தார். பிரித்தானிய வீரர் ஜிம் பீற்றர்ஸ் அந்த ஓட்டத்தில் அதிவிரைவான நேரத்தைச் சில வாரங்களுக்கு முன்னரே நிலைநாட்டியிருந்தார். எமில் அவர் பக்கத்திலேயே ஓடினார். சிறிது தூரம் சென்றதும், இந்த வேகம் போதுமா என்று அவரிடமே கேட்டார். அவரைக் களைப்படையச் செய்யும் நோக்கத்துடன் பீற்றர்ஸ் வேகம் போதாது என்று சொல்லிவிட்டார். எமில் அதனை நம்பி வேகத்தைக் கூட்டினார். பீற்றர்ஸ் தசைப்பிடிப்பினால் வழியிலேயே நின்றார். எமில் 2 மணித்தியாலம் 23 நிமிடம் 3.2 செக்கனில், இரண்டாமவருக்கு இரண்டரை நிமிடம் முன்னதாக மைதானத்தை அடைந்தார். ஒரே ஒலிம்பிக் விழாவில் இம்மூன்று ஓட்டங்களையும் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதே ஹெல்சிங்கி விழாவில் உயரம் பாய்தலிற் கலந்து கொண்டவர் யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அவர் எமது நாட்டுக்குத் தங்கம் கொணர்ந்தார்.

எமில் மொத்தம் 18 உலக சாதனைகளை நிலைநாட்டினார். ஒரு மணித்தியாலத்தில் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய முதல் மனிதர் அவரே, அது 1951இல். 10,000 மீற்றரை 29 நிமிடத்துக்குள் ஓடி முடித்த முதல்வரும் அவரே, அது 1954இல். 1956இல் மெல்போணில், சத்திர சிகிச்சை செய்து சில வாரங்களே கழிந்த நிலையில் மரதன் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர், ஒலிம்பிக் விழாக்களில் மூன்று முறை எமிலுக்குப் பின்னே இரண்டாமிடம் பெற்ற பிரான்சிய வீரர் அலன் மிமூன். ஓடி முடித்த மிமூன் நண்பருக்காகக் காத்து நின்றார். எமில் வந்ததும் அவருக்கு இராணுவ முறையில் வணக்கஞ் செலுத்தி, ஆரத் தழுவிக் கொண்டார்.

1966இல் அவுஸ்திரேலிய வீரர் றொன் கிளாக் பிராக் நகருக்கு வந்தார். பல உலக சாதனைகள் அவர் கையிலிருந்தன. ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிட்டவில்லை. விடைபெறும் வேளையில் எமில் ஒரு சிறு பொதியை அவரிடம் கொடுத்தார். பயணத்தின்போது பிரித்துப் பார்த்த கிளாக், ஹெல்சிங்கியில் 10,000 மீற்றருக்குக் கிடைத்த தங்கப் பதக்கம் உள்ளே இருக்கக் கண்டார். ஈந்து சிறந்த வள்ளல்களைப் பற்றிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் அரசன். அவனுக்கு வேறு தேரும் இருந்திருக்கும். அந்தப் பதக்கத்துக்கு மாற்றுப் பதக்கம் உலகில் இல்லை.

இனி வருவது கசப்பான பகுதி. 1968இல் செக்கோசிலோவாக்கிய மக்கள் சுதந்திரக் காற்றைச் சிறிது சுவாசித்தனர். அவ்வியக்கத்தின் பெயர் பெற்ற அறிக்கையில் எமிலும் டானாவும் கையொப்பமிட்டனர். ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் படைகள் புகுந்தபோது, எமில் பிராக் நகர வீதியில் மக்கள் நடுவே நின்று கண்டித்துப் பேசினார். அதன் விலையை அவர் கொடுக்க நேர்ந்தது. இராணுவத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். நிலத்தைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளர் கூட்டத்துடன் ஊர் ஊராகச் சென்று, வீட்டைப் பிரிந்து, வண்டிக் கொட்டிலில் உறங்கி, ஆண்டுக் கணக்காகக் கூலிவேலை செய்தார்.

1971இல் அவர் தம் முன்னைய பேச்சை மறுத்து அரசினருக்கு இணக்கமாகப் பகிரங்க அறிக்கை விட்டார் என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும். அவரை நம்பியிருந்த சிலர் மனமுடைந்தனர். வீரர் வரலாறு எழுதுவோர் இந்த இடத்தை மெல்லத் தாண்டிச் செல்வதுண்டு. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கால்கள் களைக்கும்போது எப்படித் தாங்குவது என்பதை அவர் பயின்றிருந்தார். முடிவிடம் தெரியாத ஓட்டத்துக்குப் பயிற்சி முறை எதுவும் இல்லை. யுங்விற்றுக்காக எழுந்து நின்றவரும் அவரே; நெடிய துன்பத்தின் பின் குனிந்தவரும் அவரே. முன்னதை மட்டும் கண்டு அவரைத் தெய்வமாக்க வேண்டாம். பின்னதை மட்டும் கண்டு கல்லெறியவும் வேண்டாம். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் எத்தனை நாள் நின்றிருப்போம் என்று எம்மையே கேட்டுக் கொள்வதே நேர்மை.

1990இல், ஆட்சி மாறிய பின், அரசு அவருக்கு இழைத்த அநீதியை ஏற்று அவருடைய மதிப்பை மீள வழங்கியது. 2000ஆம் ஆண்டு நவம்பரில், 78ஆவது வயதில் அவர் காலமானார். டானா மேலும் இருபது ஆண்டளவு வாழ்ந்து, 2020 மார்ச்சில், 97ஆவது வயதிற் கணவரைப் பின்தொடர்ந்தார். பிறந்த நாளை ஒன்றாகக் கொடுத்த விதி, இறந்த நாளை அவ்வாறு கொடுக்கவில்லை.

இளைஞர்காள்! 1922 செப்ரெம்பர் 19இல் உலகெங்கும் எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் எல்லாருக்கும் வானம் ஒன்றே, கோள்கள் ஒன்றே. அறுபது முறை சுற்றி ஓடியவர் ஒருவர். முப்பத்தைந்து வயதிலும் ஈட்டியைக் கீழே வையாதவர் ஒருவர். சாதகத்தைப் பெரியோர் பார்க்கட்டும். அது அவர்கள் எம்மீது கொண்ட அன்பின் அடையாளம். பொழுது விடியுமுன் எழுந்து மைதானத்துக்கோ மேசைக்கோ செல்ல வேண்டியவர்கள் நாமே. களைப்பு வந்த பின்னும் இன்னொரு சுற்று ஓடலாம் என்பதையும், வென்றதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதையும், ஒரே நாளிற் பிறந்த அவ்விருவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.