பாக்தாதில் பிறந்து புனேயில் துயிலும் பெரியவர்

புனே நகர்வாழ் தமிழன்பர்களுள் ஸஸூன் ஆஸ்பத்திரியை அறியாதார் எவருமிலர். நம் குடும்பங்கள் சிலவற்றில் மூத்தோர் கண்மூடியதும், இளையோர் கண்திறந்ததும் அங்கேதான். 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து கொண்டுவரப்பெற்ற காந்தியடிகளுக்கு, கர்னல் மாடக் என்னும் ஆங்கில மருத்துவர் குடல்வால் சிகிச்சை செய்ததும் அங்கேதான். நடுவில் மின்விளக்கு அணைந்துவிட, அரிக்கேன் விளக்கின் ஒளியில் அச்சிகிச்சை நிறைவேறியது. இத்துணை புகழ் வாய்ந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த ஸஸூன் யார் என்று நம்மில் கேட்டவர் சிலரே. பிறந்த ஊரில் வாழ இடமின்றி ஓடிவந்த ஒரு யூதர் அவர் என்பதை அறிந்தவர் அதனினும் சிலர்.

டேவிட் ஸஸூன் 1792-ஆம் ஆண்டு பாக்தாத் நகரில் பிறந்தார். துருக்கி சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நகரில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். தனிவரி செலுத்தி, இரண்டாந்தரக் குடிகளாக அடங்கி நடந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. உரிமை என்பது இல்லை. டேவிட்டின் தந்தையார் ஷேக் ஸஸூன் பென் ஸாலிஹ், பாக்தாத் ஆளுநர்களான பாஷாக்களின் பொக்கிஷதாராகவும், தம் சமூகத்தின் தலைவராகவும் நெடுங்காலம் விளங்கியவர். வெளிப்பார்வைக்கு இது பெரும்பதவி. ஆனால், கஜானா நிறைந்திருக்கும் வரையில் யூதன் வேண்டியவன். அது வற்றிய நாளில் அவனே குற்றவாளி. யூத வெறுப்பு எப்போதும் வாளேந்தி வருவதில்லை. சில காலங்களில் அது கணக்கேட்டைக் கையில் ஏந்தியும் வரும்.

1816-இல் தாவூத் பாஷா அதிகாரத்தைக் கைப்பற்றினார். நாளடைவில் செல்வமுள்ள யூதர்களைச் சிறையிலடைத்துப் பொருள் பறிப்பது அவருடைய ஆட்சியில் வழக்கமாயிற்று. டேவிட்டும் சிறைப்பட்டார் என்றும், முதிய தந்தையார் பெரும்பணம் கொடுத்து மகனை மீட்டார் என்றும் அக்குடும்ப வரலாறு கூறும். மீண்டவர் பாஸ்ராவுக்கும், அங்கிருந்து பாரசீகக் கடற்கரையிலுள்ள புஷீருக்கும் தப்பிச் சென்றார். தந்தையாரும் பின்தொடர்ந்து வந்து, 1830-இல் அந்த அயலூரிலேயே உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு பாக்தாதைக் கொள்ளைநோயும் வெள்ளமும் சூறையாடின. சுல்தானின் படை வந்து தாவூத் பாஷாவைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆயினும் டேவிட் திரும்பிச் செல்லவில்லை. ஒரு பாஷா போனால் மற்றொரு பாஷா வருவார் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

1832-ஆம் ஆண்டளவில் அவர் மனைவி மக்களுடன் பம்பாய் வந்து சேர்ந்தார். பருத்தி, துணி, பாரசீகச் சரக்கு எனத் தொடங்கிய வாணிகம் விரைவில் வளர்ந்தது. புதல்வர்களை ஊர்ஊராக அனுப்பித் தொழில் பழக்கினார். காண்டன், ஹாங்காங், ஷாங்காய், லண்டன் என அவருடைய கிளைகள் பரவின. அச்செல்வத்தில் ஒரு பெரும்பகுதி, சீனத்துக்கு அபின் ஏற்றுமதி செய்ததனால் வந்தது என்பதையும் மறைத்தலாகாது. அன்றைய ஆங்கில அரசு அதனை அனுமதித்தது. பம்பாயின் பிற பெருவணிகர் பலரும் அதனைச் செய்தனர். எனினும் சீனத்துக் குடிமக்கள் அதனால் பட்ட துயரத்தை எந்தத் தருமமும் துடைத்துவிடாது.

1853-இல் அவர் பிரிட்டிஷ் பிரஜையானார். ஆங்கிலம் பேசத் தெரியாத அவர், தம் கையொப்பத்தை ஹீப்ரு எழுத்திலேயே இட்டார். பாக்தாத் யூதரின் அங்கியையும் தலைப்பாகையையும் கடைசிவரை களையவில்லை. அவர் அவ்வுரிமை பெற்ற ஆண்டில் இங்கிலாந்திலேயே ஒரு யூதர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. கிறிஸ்தவ முறைப்படி பிரமாணம் செய்ய வேண்டும் என்னும் விதியே தடையாயிருந்தது. 1858-இல் லயனல் ராத்சைல்ட் அமர்ந்தபோதுதான் அத்தடை நீங்கிற்று. அதற்கு முன், 1840-இல் டமாஸ்கஸ் நகரில் ஒரு பாதிரியார் காணாமற்போக, யூதர்கள் சடங்குக்காக அவரைக் கொன்றனர் என்னும் பொய்ப்பழி சுமத்திப் பலரைச் சித்திரவதை செய்தனர். அக்காலத்து யூதர் ஒருவருக்கு இந்த மண் எத்தகைய நிழலாயிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

பம்பாயிலும், அக்காலப் பூனாவிலும் அவர் இயற்றிய அறங்கள் பல. தம் குலத்தார்க்குத் தொழுகைக்கூடங்கள் எழுப்பினார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவ்வாறு எல்லை வகுக்கவில்லை. சாதி சமய வேற்றுமையின்றி யாவருக்கும் அதன் வாயில் திறந்தது. அவர் பொருளுதவியால் எழுந்த அக்கட்டடம் 1867-இல் நிறைவெய்தியபோது அதனைக் காண அவர் இல்லை. 1864 நவம்பரில் பூனாவில் தம் இல்லத்தில் காலமானார். காம்ப் பகுதியில் லால் தேவுள் என்று மராட்டியர் அழைக்கும் செங்கல் தொழுகைக்கூடத்தின் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கோபுரத்தைத் தொலைவில் கண்டு அதனை மாதாகோயில் என்று எண்ணிக் கடந்துசெல்வோர் இன்றும் உளர்.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் சனிவார் தேலி எனப் பெயர் பெற்ற பெனே இஸ்ராயேலர் என்னும் யூதர்கள் நெடுங்காலமாக இந்நாட்டில் வாழ்ந்து வந்தனர். மொழியால் மராட்டியரான அவர்களைத் தமக்குச் சமமாகக் கருத பாக்தாதிலிருந்து வந்த யூதர் தயங்கினர். 1836-இல் பம்பாய் இடுகாட்டில் இரு சாராரின் கல்லறைகளுக்கு இடையே தடுப்பு வேண்டுமென்று விண்ணப்பமும் செய்தனர். ஒதுக்கப்பட்டவர் தாமும் ஒருவரை ஒதுக்க நேர்ந்த கதை இது. வேற்றூரில் வாழும் எந்தச் சமூகமும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

டேவிட் விட்டுவந்த பாக்தாத் பின்னர் என்னவாயிற்று? 1941 ஜூன் மாதம் இரண்டு நாட்கள் நடந்த கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட யூதர் அங்கே கொல்லப்பட்டனர். 1950, 1951 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு வெளியேறினர். நம் நாட்டிலும், கோவாவில் போர்ச்சுகீசியர் 1560-இல் நிறுவிய மத விசாரணை மன்றம், மதம் மாறிய யூதரையும் வேட்டையாடியது. 2008 நவம்பரில் பம்பாய் நரிமன் இல்லத்தில் அந்நியத் தீவிரவாதிகள் யூதரைக் கொன்றனர். அவை யாவும் வெளியிலிருந்து வந்தவை. இம்மண்ணின் மக்கள், தம்மிடம் வந்த யூதரை அவர் யூதர் என்பதற்காக விரட்டியதில்லை.

நாமும் பிழைப்பைத் தேடித் தென்னாட்டிலிருந்து இந்நகருக்கு வந்தவர்களே. நம்மை எவரும் சிறையிலிட்டுத் துரத்தவில்லை. ஆதலின் அப்பெரியவர் பட்ட பாடு நமக்கில்லை. ஆனால் வந்தேறி என்னும் சொல்லின் கூர்மை நமக்கும் தெரியும். தாம் வந்தடைந்த ஊருக்கு, அவ்வூர் ஏழைகளே பெரிதும் நாடும் ஒரு மருத்துவமனையைத் தந்து, அவ்வூர் மண்ணிலேயே அவர் துயில்கிறார். அடுத்த முறை நோயாளி ஒருவரைக் காண ஸஸூன் வாயிலில் நுழையும் அன்பர், உடன்வரும் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வாராக.