அன்னையிடம் விடைபெற்ற அறவோர்

கரமனையிலிருந்து தொண்டின்பொருட்டுக் கடல் கடக்க விழையும் இளைஞர்களே! மகிந்த தேரரை நினைவுகூர்வீர்களாக.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோக மன்னரின் மைந்தரான அவரை இலங்கை செல்லுமாறு சங்கம் பணித்தது. ஆங்கு அரசர் முதுமையுற்றிருந்தமையால், புதிய மன்னர் முடிசூடும்வரை காத்திருந்தார். அக்காலத்தில் ஆறு திங்கள் சுற்றத்தாரைக் கண்டார். பின்னர் வேதிசகிரியில் அன்னை தேவியார் அளித்த உணவை ஏற்று, ஒரு திங்கள் தங்கினார். தங்கை சங்கமித்தையின் மைந்தர் சுமணரையும் உடன்கொண்டு, 32ஆம் அகவையில் புறப்பட்டார். 48 ஆண்டுகள் தொண்டாற்றி அந்நாட்டிலேயே மறைந்தார் என்பது மகாவம்சம் தரும் கணக்கு.

ஆலை வேலைக்கென வீடு நீங்கிய அன்று, நாம் அன்னையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பியபோது அவர் இல்லை. துறவியும் பெற்ற கடனைத் துறந்திலர். பயணப் பெட்டியைக் கட்டுமுன், அன்னையின் அருகில் சில நாள் அமர்ந்திருங்கள்.